அத்தியாயம் 6: ரூம் லைட்டுக்கு எல்.இ.டி.

பாஸ்டேக் வருவதற்கு முன்னால், சத்துவாச்சாரியிலிருந்து ராத்திரியில் ஆம்பூர் பக்கம் போகிறவர்களுக்கு ரூம் லைட் எரிய வேண்டிய இடம் பள்ளிகொண்டா டோல்கேட். சில்லறை தேட வேண்டுமே. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானதும் அந்த வேலை போயிற்று. ஆனால் மற்ற வேலைகள் போகவில்லை. சி.எம்.சி.யில் பாட்டியைக் காட்டிவிட்டு எட்டு மணிக்குக் காரில் ஏறியதும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சீட்டுக்கு அடியில் உருண்டுபோன கம்மல் திருகாணியைத் தேட வேண்டும். போலீஸ் ஓரங்கட்டச் சொன்னால் ஆர்.சி. புக்கை எடுக்க வேண்டும். இத்தனைக்கும் பல கார்களில் இருப்பது கூரையில் ஒரு மஞ்சள் பல்பு, டிக்கியில் இன்னொன்று. அவ்வளவுதான்.

அந்தப் பல்பை எல்.இ.டி.யாக மாற்றுவது கால் மணி நேர வேலை. ஒரு ஒயர்கூட வெட்ட வேண்டாம். வேலை சுலபம் என்பதாலேயே யோசிக்காமல் வாங்கிவிடுகிறோம். எனவே மாட்டுவதைப் பற்றிக் கொஞ்சமும், வாங்குவதைப் பற்றி நிறையவும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

ரூம் லைட் பல்பு வழக்கமாக 5 வாட் அல்லது 10 வாட். கூரையில் 10, டிக்கியில் 5 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் விசேஷம், சாமான் இறக்கிய களைப்பில் டிக்கியைச் சரியாக அழுத்தி மூடவில்லை. பின்சீட்டில் தூங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர் கதவையும் பாதிதான் சாத்தினார். இரண்டு பல்பும் சேர்ந்து 15 வாட். 12 வோல்ட்டில் அது 1.25 ஆம்பியர். ராத்திரி ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை 12 மணி நேரம் எரிந்தால் 15 ஆம்பியர்-ஹவர் காலி. சின்ன கார்களில் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான் அதிகம். புது பேட்டரி என்றால் எப்படியோ தாங்கும். மூன்று வருடம் வேலூர் வெயிலில் வெந்த பேட்டரி என்றால் காலையில் சாவியைத் திருப்பும்போது ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும்தான் வரும். அப்புறம் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டியதுதான்.

அதே இடத்தில் ஆளுக்கு 1 வாட் எல்.இ.டி. இரண்டு இருந்தால் 12 மணி நேரத்தில் போவது 2 ஆம்பியர்-ஹவர். வண்டி வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும். எல்.இ.டி. மாற்ற என்னைக் கேட்டால் முதல் காரணம் இதுதான், பளபளப்பு இல்லை.

வெளிச்சக் கணக்கையும் பார்த்துவிடலாம். பழைய 5 வாட் பல்பு தருவது சுமார் 50 லூமென். மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடுகிறது. கொஞ்ச நேரம் எரிந்த பல்பைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். சுமாரான எல்.இ.டி. ஒன்று 1 வாட்டிலேயே 80 லூமென்னுக்கு மேல் தரும். அதாவது 5 வாட் பல்பு இருந்த இடத்தில் 1 வாட் எல்.இ.டி. போட்டாலே முன்பைவிட வெளிச்சம் கூடிவிடும். விரல்நுனி அளவுப் பல்பின் அட்டையில் ‘10 வாட்’, ‘15 வாட்’ என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். அது பொய்யாக இருந்தால் ஏமாந்தது காசு மட்டும். உண்மையாக இருந்தால்தான் கஷ்டம்: அவ்வளவு சூடு போக அந்தச் சின்ன பிளாஸ்டிக் கவருக்குள் வழி கிடையாது.

நான் செய்த தப்பு

எங்கள் பழைய சின்ன காருக்கு முதன்முதலில் நான் வாங்கியது பல்பு அல்ல, பிளேட். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தகடு, அதில் வரிசை வரிசையாக மஞ்சள் புள்ளிகள், பின்னால் இரட்டைப் பக்க டேப், இரண்டு ஒயர், அதன் நுனியில் பழைய பல்பு இடத்தில் மாட்ட ஓர் அடாப்டர். கடைக்காரர் ஒரு பேட்டரியில் தொட்டுக் காட்டினார். கண் கூசியது. சந்தோஷமாக வாங்கி, ரூம் லைட் கவருக்குள் ஒட்டிவிட்டேன். ஒரு வாரம் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அக்னி நட்சத்திரம் வந்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு வேலையாகப் போய், நிழல் கிடைக்காமல் வெயிலில் நிறுத்திவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினேன். ரிமோட்டை அழுத்தினால் சத்தமே இல்லை. சாவி போட்டுத் திறந்தேன். ஸ்டீரியோவில் கடிகாரம் இல்லை, ரூம் லைட் இல்லை. கவருக்குள் பிளேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. டேப்பின் கோந்து உருகி, வெல்லப்பாகு மாதிரி நூல்விட்டுக்கொண்டிருந்தது. பிளேட்டின் பின்புறம் அலுமினியம். அது சரிந்து பல்பு கிளிப்பின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பியூஸ் போய்விட்டது. பியூஸ் போனதே நல்லது. அது போகாமல் இருந்திருந்தால் ஒயர் வெந்திருக்கும்.

ஒரு சின்ன லைட்டுக்காக சென்ட்ரல் லாக் ஏன் சாக வேண்டும்? பல கார்களில் ரூம் லைட், கடிகாரம், ஸ்டீரியோவின் நினைவு, சென்ட்ரல் லாக் எல்லாம் சாவி இல்லாமலே எப்போதும் மின்சாரம் போகும் ஒரே லைனில், ஒரே பியூஸில் இருக்கும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

ஆகவே ஒட்டும் பிளேட் வேண்டாம் என்பது என் கட்சி. நம் ஊர் வெயிலில் பூட்டிய காரின் கூரைக்குக் கீழே ஒரு டேப்பை நம்பி உலோகத் தகட்டைத் தொங்கவிடுவது சரிப்படாது. பழைய பல்பு உட்கார்ந்த இடத்திலேயே, அதே கிளிப்பில் உட்காரும் எல்.இ.டி. பல்பை வாங்குங்கள்.

என்ன நிறம்?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தோல் வியாபாரம் நடக்கும் ஊரில் இருந்துகொண்டு வெளிச்சத்தின் நிறத்தைப் பற்றி அவசரமாகப் பேசினால் யாராவது அடிக்க வருவார்கள்.

ராணிப்பேட்டை பக்கம் ஒரு பினிஷிங் யூனிட்டில் வேலை பார்க்கும் பாய் ஒருவர் ஒருநாள் மாலை என் காரில் வந்தார். மடியில் இரண்டு துண்டுத் தோல். புதிதாகப் போட்டிருந்த வெள்ளை எல்.இ.டி.யைப் பெருமையாகப் போட்டுவிட்டு, “பாருங்க பாய், பகல் மாதிரி இருக்கு” என்றேன். அவர் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சார், இது டான், இது செர்ரி. உங்க லைட்ல ரெண்டும் ஒண்ணாத் தெரியுது. இந்த லைட்ட வச்சு ஷேடு பாஸ் பண்ணா, நாளைக்கு என் வேலை போயிடும்.”

தோல் பினிஷிங்கில் ஷேடு பார்ப்பதற்கென்றே ஒரு லைட் பெட்டி இருக்கும். பகல் வெளிச்சத்துக்கு டி65 என்று ஒரு விளக்கு, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84, பழைய குண்டு பல்புக்கு ‘ஏ’ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு தோல் இன்னொன்றில் விலகித் தெரியும். டி65 என்பதும் 6500 கெல்வின் நிறம்தான். என் பல்பின் அட்டையிலும் 6500 என்றுதான் போட்டிருந்தது. பிறகு ஏன் டானும் செர்ரியும் ஒன்றாகத் தெரிந்தன?

வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல எல்.இ.டி. அந்த நீல விளக்கைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகசாகி, அமானோ, நகாமுரா என்ற மூன்று பேருக்கு 2014ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசுகிறார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பிளேட்டில் பார்த்த மஞ்சள் புள்ளிகள் அந்தப் பாஸ்பர்தான். இந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு குறைச்சல். மலிவான பல்பில் இன்னும் குறைச்சல். வெளிச்சத்தில் சிவப்பே இல்லாதபோது, பொருளில் இருக்கும் சிவப்பு எப்படித் தெரியும்? தோல் மட்டுமல்ல, பிரவுன் மாத்திரையும் சிவப்பு மாத்திரையும் குழம்பும், மனிதர்களின் முகம் காய்ச்சல் வந்த மாதிரி வெளிறும்.

அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருக்கிறதா பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100க்கு எவ்வளவு என்ற மதிப்பெண் அது. 80க்கு மேல் இருந்தால் போதும், 90 என்றால் விட்டுவிடாதீர்கள். எண்ணே போடவில்லை என்றால் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். கெல்வினில் 4000 முதல் 4300 வரை எனக்குப் பிடித்தது: பழைய பல்பின் மஞ்சளும் இல்லை, ஆஸ்பத்திரி வெள்ளையும் இல்லை. பழைய நிறமே வேண்டும் என்பவர்கள் 3000 கெல்வின் கேட்டு வாங்கலாம். வெளிச்சம் அளவுக்கு மீறினால் இன்னொரு தொல்லையும் உண்டு. ராத்திரி ஓடும்போது பின்சீட்டில் யாராவது லைட்டைப் போட்டால், முன்கண்ணாடி முழுக்க உங்கள் முகம்தான் தெரியும், லாரி தெரியாது.

கடையில் நிற்கும்போது எளிய சோதனை ஒன்று: பல்பை எரியவிட்டு அதன் கீழே உங்கள் உள்ளங்கையை நீட்டுங்கள். கை உங்கள் கை மாதிரியே ரத்த ஓட்டத்தோடு தெரிந்தால் வாங்கலாம். சாம்பல் பூத்தால் வேண்டாம்.

நீலம், ஊதா, சிவப்பு என்று கலர் போடுவதைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல் 108வது விதி முன்னால் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, வண்டியின் உள்விளக்குக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. சட்டம் கொடுத்த விலக்கைக் கண் கொடுக்காது. நீல வெளிச்சத்தில் மாத்திரை அட்டையைப் படித்துப் பாருங்கள்.

அளவு எடுப்பது

கார் பெயரையும் வருடத்தையும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில்கூட ரகத்துக்கு ரகம் மாறும். பழைய பல்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் சரி.

பொதுவாக இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, கண்ணாடி பியூஸ் மாதிரி நீளமாக, இரண்டு முனையிலும் கூம்பான உலோகத் தொப்பியோடு இருப்பது. பெஸ்டூன் என்று கேட்டால் கொடுப்பார்கள். இதை முனையிலிருந்து முனை வரை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என்று வரும். 36 இருக்கும் இடத்தில் 39ஐத் திணித்தால் கிளிப் விரிந்துவிடும். பிறகு சரியான பல்பைப் போட்டாலும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் கண் சிமிட்டும். நீளம் மட்டுமல்ல, பருமனும் பாருங்கள். சில எல்.இ.டி.களுக்கு முதுகில் அலுமினிய விசிறி மடிப்பு இருக்கும், கவர் மூடாது.

இன்னொன்று டி10. தொப்பியே இல்லாமல், கண்ணாடியின் அடிப்பகுதி தட்டையாகி, இரு பக்கமும் கம்பி மடிந்திருக்கும். பார்க்கிங் லைட்டிலும் இதே பல்பு வரும். ஸ்விட்சுகளுக்குள் இதைவிடச் சின்னதாக டி5 இருக்கும். டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும் என்பதால் அதைத் தொட வேண்டாம்.

புது கார்களில் கவரைத் திறந்தால் பல்பே இருக்காது, சர்க்யூட் போர்டில் பற்றவைத்த எல்.இ.டி. இருக்கும். உங்களுக்கு வேலை இல்லை. கவரை மூடிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.

மாட்டுவது

முதலில் பியூஸ். பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முட்டி இடிக்கும் இடத்தில் பெட்டி இருக்கும். மூடியின் உட்புறப் படத்தில் ரூம் அல்லது டோம் என்று போட்டிருக்கும் பியூஸைப் பிடுங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றத் தேவையில்லை. கழற்றினால் சில கார்களில் ஸ்டீரியோ கோடு கேட்கும், பவர் விண்டோவுக்கு மறுபடி பாடம் சொல்லித் தர வேண்டியிருக்கும்.

“லைட் ஆஃப்லதானே இருக்கு, பியூஸ் எதுக்கு?” என்று கேட்பார்கள். நம் ஊரில் ஓடும் பல கார்களில் கதவு ஸ்விட்ச் இருப்பது மைனஸ் பக்கம். கதவைத் திறந்தால் ஸ்விட்ச் பல்பின் மைனஸை பாடியோடு சேர்க்கிறது, விளக்கு எரிகிறது. மூடினால் மைனஸ் மட்டும்தான் துண்டிக்கப்படுகிறது. பிளஸ் அப்படியே பல்பு கிளிப்பில் உட்கார்ந்திருக்கும். விளக்கு அணைந்திருந்தாலும் அந்தக் கிளிப்பில் 12 வோல்ட் உண்டு. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போது அது கிளிப்பையும் கூரை இரும்பையும் சேர்த்துத் தொட்டால் ஒரு பொறி, ஒரு பியூஸ். உடம்பில் ஷாக் அடிக்காது. ஆனால் என் பிளேட் கதை திரும்ப நடக்கும்.

பழைய பல்பு எரிந்துகொண்டிருந்தால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கவரை நெம்ப இரும்பு வேண்டாம். பழைய ஏ.டி.எம். கார்டு மாதிரி ஒல்லியான பிளாஸ்டிக் எதுவானாலும் நல்லது. கவரின் ஓரத்தைச் சுற்றித் தடவினால் ஓரிடத்தில் சின்ன பள்ளம் தட்டுப்படும். அங்கேதான் நெம்ப வேண்டும். ரொம்ப நாளாக வெயில் பட்ட பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி உடையும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டோ, குளிர்ந்த காலை நேரம் பார்த்தோ செய்யாதீர்கள். கொஞ்சம் இளஞ்சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும்.

பெஸ்டூன் பல்பை நடுக்கண்ணாடியில் பிடித்து இழுத்தால் கையோடு உடையும். ஒரு பக்கக் கிளிப்பை விரலால் வெளியே தள்ளி, அந்தத் தொப்பியை முதலில் விடுவியுங்கள். புதியதை மாட்டும்போது எல்.இ.டி. புள்ளிகள் இருக்கும் முகம் கீழே உங்களைப் பார்க்க வேண்டும். விரலால் லேசாக உருட்டிப் பாருங்கள்; உருண்டால் கிளிப் தளர்வு. பியூஸ் இல்லாத இந்த நேரத்திலேயே கிளிப்பை ஒரு நூலளவு உள்ளே வளைத்துவிடுங்கள்.

பியூஸைத் திரும்பப் போட்டு லைட்டைப் போடுங்கள். எரியவில்லையா? கடைக்குத் திருப்பிக்கொண்டு போகாதீர்கள். பழைய பல்புக்கு பிளஸ், மைனஸ் தெரியாது, எல்.இ.டி.க்குத் தெரியும். பியூஸை எடுத்துவிட்டு, பல்பின் இரு முனைகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். பத்தில் ஒன்பது முறை எரிந்துவிடும்.

எரிந்ததும் கவரை மூடிவிடாதீர்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் லைட் எரியட்டும். என்ஜின் ஓடும்போது லைனில் 12 அல்ல, 14 வோல்ட்டை ஒட்டி வரும், மட்டமான எல்.இ.டி. தன் குணத்தைக் காட்டுவது அப்போதுதான். பிறகு பல்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. விரலை வைக்க முடியவில்லை என்றால் அது உங்கள் கூரைக்கு லாயக்கில்லை. அப்படியே எஃப்.எம். ரேடியோவையும் போட்டுக் கேளுங்கள். லைட் போட்டால் கரகர, அணைத்தால் தெளிவு என்றால், பல்புக்குள் இருக்கும் சின்ன டிரைவர் சர்க்யூட் இரைகிறது. வேறு பிராண்டு மாற்றுங்கள்.

கூரைத் துணியை எக்காரணம் கொண்டும் இழுக்காதீர்கள். கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது கதவுகளுக்கு மேலே, அந்தத் துணிக்குப் பின்னால்தான் மடிந்திருக்கிறது. மஞ்சள் கனெக்டர் எங்கே கண்ணில் பட்டாலும் கையை எடுத்துவிடுங்கள்.

அணைந்தும் அணையாத விளக்கு

மாற்றிய பிறகு வரும் புகார்களில் முக்கால்வாசி ஒன்றுதான்: “எல்லாம் ஆஃப் பண்ணியாச்சு, ஆனா உள்ளே மின்மினிப்பூச்சி மாதிரி மினுக்குது.” பயப்பட வேண்டாம். சில கார்களில் ஸ்விட்சின் உள்விளக்குக்கோ கண்ட்ரோல் யூனிட்டின் சோதனைக்கோ மிகச் சின்ன மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். பழைய பல்பின் இழைக்கு அது உறைக்காது, எல்.இ.டி.க்கு உறைக்கும். கதவை மூடியதும் விளக்கு மெல்ல மங்கி அணையும் கார்களில் சிலவற்றில், அந்த மங்கும் நேரத்தில் எல்.இ.டி. நடுங்கும். இதற்கு ரெசிஸ்டர் சேர்த்த பல்புகள் ‘கேன்பஸ்’ என்ற பெயரில் வருகின்றன. ஆனால் ரெசிஸ்டர் என்றால் சூடு. மினுக்கல் கண்ணை உறுத்தாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம் என்பேன்.

உள்ளே வேலை முடிந்த கையோடு, மீதமிருக்கும் டி10ஐப் பின் நம்பர் பிளேட் விளக்கில் மாட்டத் தோன்றும். பல கார்களில் அதே பல்புதான், மாட்டலாம். ஆனால் அங்கே நிறம் உங்கள் விருப்பம் இல்லை: வெள்ளை வெளிச்சமாக இருக்க வேண்டும், பின்னால் 15 மீட்டர் தூரத்திலிருந்து எண் படிக்கத் தெரிய வேண்டும் என்று விதி. கூசும் எல்.இ.டி. போட்டால் பிளேட் வெறும் வெள்ளையாகத் தெரிந்து எண் மறைந்துபோகும். மாட்டிவிட்டு, இருட்டில் பதினைந்து பெரிய அடி பின்னால் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள்.

கழற்றிய பழைய பல்பைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு துண்டுத் துணியிலோ, நம் ஊரில் கிடைக்காமல் போகாத தோல் துண்டிலோ சுற்றி, மேலே ஒரு சீட்டில் ‘ரூம் – 36 – பெஸ்டூன்’ என்று எழுதி, ஒரு உபரி பியூஸோடு கிளவ் பாக்ஸில் போட்டு வையுங்கள். வாணியம்பாடி தாண்டி ராத்திரியில் எல்.இ.டி. கண்ணை மூடினால் திரும்ப மாட்ட அது இருக்கும். டிக்கி ஸ்விட்சில் கோளாறா, பல்பில் கோளாறா என்று குழம்பும் நாளில் எலக்ட்ரீஷியன் கேட்பதும் அந்தப் பழைய பல்பைத்தான்.